சாட் ஆப்லெட் ‘கனெக்டிங்’லயே நிக்குதா? ப்ராக்ஸிக்குப் பின்னாடி பார்த்ததைப் பகிருங்க

லேப்_அட்மின்:
பக்கம் திறக்கும், ஆப்லெட்டின் (பிரவுசருக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்) சாம்பல் பெட்டியும் வரும், ‘கனெக்டிங்’ வரிக்கு மேல் அசையாது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பக்கமும் ஜார் ஃபைலும் (ஆப்லெட்டின் நிரல் கோப்பு) எச்டிடிபி ப்ராக்ஸி (வெப் போக்குவரத்தை இடையில் நின்று கடத்தும் சர்வர்) வழியாக வந்துவிடுகின்றன. சாட் மட்டும் ஆப்லெட் தானே திறக்கும் சாக்கெட்டில் (நேரடி நெட்வொர்க் இணைப்பு) போகிறது. ஜாவாவின் சாதா சாக்கெட் எச்டிடிபி ப்ராக்ஸியைக் கண்டுகொள்ளாது, சாக்ஸ் ப்ராக்ஸியை (வெப் அல்லாத இணைப்புகளையும் கடத்துவது) மட்டுமே மதிக்கும். எனவே ஐஆர்சி (சாட் நெறிமுறை) போர்ட் 6667க்கு நேரே போய் ஃபயர்வாலில் முட்டி நிற்கிறது.

ஊகிக்காமல் ஜாவா கன்சோலைத் திறந்து எக்ஸப்ஷன் (பிழை) பெயரைப் பாருங்கள். ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்றால் ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிடுகிறது. ‘அன்நோன் ஹோஸ்ட்’ என்றால் டிஎன்எஸ் (சர்வர் பெயரை ஐபியாக மாற்றும் சேவை) கோளாறு. பிரவுசர், சர்வரின் பெயரை ப்ராக்ஸியிடம் கொடுத்துவிடும், ஆப்லெட்டோ அந்த மெஷினிலேயே தேடும். உள் டிஎன்எஸ்ஸுக்கு வெளிப்பெயர் தெரியாவிட்டால் அங்கேயே முடிந்தது. ‘ஆக்சஸ் கன்ட்ரோல் எக்ஸப்ஷன்’ வந்தால் ப்ராக்ஸியை நோண்டவே வேண்டாம். டிஜிட்டல் கையொப்பமில்லாத ஆப்லெட் தான் இறங்கி வந்த ஹோஸ்ட்டோடு மட்டுமே பேச முடியும். சாட் சர்வர் வேறு ஹோஸ்ட் என்றால் ஜாரில் கையொப்பம் போடவும், இல்லையேல் வெப் சர்வரிலேயே ஒரு போர்ட் ஃபார்வர்டர் (வரும் இணைப்பைச் சாட் சர்வருக்குக் கடத்துவது) வைக்கவும்.

சாக்ஸ் இருக்கும் இடத்தில் ஜாவா கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் சாக்ஸ் வரியை நிரப்புங்கள், போர்ட் வழக்கமாக 1080. பலர் மேலே உள்ள எச்டிடிபி வரியை மட்டும் நிரப்பிவிட்டு ‘செட் பண்ணியாச்சே’ என்பார்கள்.

ஸ்க்விட்தாசன்:
சார் சொன்னது க்ளையன்ட் பக்கம். சாக்ஸ் இல்ல, ஸ்க்விட் (ஒரு எச்டிடிபி ப்ராக்ஸி மென்பொருள்) மட்டும்தான்னா ஆப்லெட்டே கனெக்ட் மெத்தடு (‘இந்த சர்வருக்கு நேர் பாதை திற’னு ப்ராக்ஸியைக் கேக்குறது) பேசணும், சில சாட் ஆப்லெட்டுக்கு அந்த வசதி உண்டு. முதல்ல கையால சோதிங்க: ப்ராக்ஸியோட போர்ட் 3128க்கு டெல்நெட் போட்டு, கனெக்ட் வரியில சர்வர் பெயரையும் 6667ஐயும் அடிச்சு ரெண்டு தடவை என்டர். 200 வந்தா பாதை திறந்திருக்கு. 407 வந்தா பாஸ்வேர்டு கேக்குது. 403 வந்தா ஆக்சஸ் லாகைப் பாருங்க, ‘டிசிபி டினைடு’னு நிக்கும்.

403க்குக் காரணம் ஸ்க்விட்டோட டிஃபால்ட் விதி. சேஃப் போர்ட்ஸ் பட்டியல்ல 1025லிருந்து 65535 வரை எல்லாமே இருக்கும், அதனால 6667 அதுல தப்பிச்சுடும். ஆனா கனெக்ட் மெத்தடுக்கு எஸ்எஸ்எல் போர்ட்ஸ் பட்டியல்ல உள்ளது மட்டும்தான், அதாவது 443. இதுக்காக 6667ஐ எஸ்எஸ்எல் போர்ட்ஸ்ல தூக்கிப் போடாதீங்க, எந்த சர்வருக்கும் போக வழி திறந்துடும். அந்த ஒரு சர்வர் பெயர், ஒரு போர்ட், உங்க உள் ஐபி வரம்பு மூணையும் சேர்த்து ஒரு அலவ் வரி எழுதி, டினை கனெக்ட் வரிக்கு *மேல* வைங்க. கீழ வச்சா எட்டாது, விதிகள் மேலிருந்து கீழே, முதல் பொருத்தத்தோட நின்னுடும். அப்புறம் ரீகான்ஃபிகர். முடிஞ்சா டிஎல்எஸ் (மறைகுறியாக்கம்) போர்ட் 6697ஐயே திறங்க.

நைட்_ஷிப்ட்:
407 மேல ஒரு விஷயம். ஜாவா 8 அப்டேட் 111க்கு அப்புறம் எச்டிடிபிஎஸ் டனலுக்கு (கனெக்ட் மெத்தடு திறக்குற பாதை) பேசிக் பாஸ்வேர்டு டிஃபால்ட்டா தடை. பாஸ்வேர்டு சரியா இருந்தும் ‘அனேபிள் டு டனல்’ 407 வருதுன்னா இதுதான். ஜாவா ஃபோல்டர்ல லிப் உள்ள நெட் ப்ராப்பர்டீஸ் ஃபைல்ல, டனலிங் டிஸேபிள்டு ஸ்கீம்ஸ்னு முடியுற வரியோட மதிப்பைக் காலி பண்ணினா ஓடும். நாட்பட்ட தீர்வு ப்ராக்ஸியை கெர்பரோஸுக்கு (டிக்கெட் முறை லாகின்) மாத்துறதுதான்.

ஐஆர்சி_ஆப்:
சர்வர் பக்கத்திலிருந்து பார்ப்பவன் சொல்கிறேன். கனெக்ட் ஆகி உடனே வெளியே தள்ளப்பட்டால் அது நெட்வொர்க் கோளாறு அல்ல. ஒரு லேபே ஒரே ஐபியில் வருவதால் க்ளோன் வரம்பு (ஒரே ஐபியிலிருந்து எத்தனை இணைப்பு வரலாம் என்பது) இடிக்கும். சில நெட்வொர்க்குகள் வருபவரின் ஐபியில் 1080, 3128, 8080 திறந்திருக்கிறதா என்றும் தட்டிப் பார்க்கும். அஜாக்கிரதையாக வெளியே திறந்த ப்ராக்ஸி அங்கே தடை வாங்கும். வெப் கேட்வே (வெப் பக்கத்திலிருந்து ஐஆர்சிக்கு இணைக்கும் சர்வர்) வைத்திருப்பவர்கள் சர்வர் அட்மினிடம் வெப்ஐஆர்சி பாஸ்வேர்டு கேட்டுப் பெறுங்கள், ஒவ்வொருவரின் உண்மையான ஐபியும் தனித்தனியாகத் தெரியும். ‘செக்கிங் ஐடென்ட்’ வரியில் சிறிது நேரம் நின்றால் பதற வேண்டாம். சர்வர் உங்கள் பக்கத்து போர்ட் 113இல் பயனர் பெயரைக் கேட்டு, பதில் வராமல் காத்திருப்பதுதான்.

ஸ்க்விட்தாசன்:
ஆப்லெட்டையே கைவிடலாமேனு கேக்குறவங்களுக்கு: ஆமா, விடணும். க்ரோம் 2015லயே 45ஆம் பதிப்புல ஜாவா ப்ளக்இன்னை நிறுத்திடுச்சு, ஃபயர்ஃபாக்ஸ் 2017ல 52லிருந்து. வெப்சாக்கெட் (பிரவுசரே திறந்து வைக்குற இருவழி இணைப்பு) க்ளையன்ட்டுக்குப் போனாலும் ப்ராக்ஸி விடாது. போர்ட் 80ல சாதா வெப்சாக்கெட் போட்டா நடுவுல இருக்குற ப்ராக்ஸி அப்கிரேடு ஹெடரை (வெப்சாக்கெட்டுக்கு மாறக் கேக்குற வரி) கழட்டிடலாம், சம்மதம்ங்குற 101க்குப் பதிலா வேற எண் வரும். 443ல டிஎல்எஸ்ஸோட போட்டா பிரவுசரே கனெக்ட் மெத்தடு போட்டுக்கும், ப்ராக்ஸி உள்ள பார்க்காது. டிஎல்எஸ்ஸைப் பிரிச்சுப் பார்க்குற ப்ராக்ஸின்னா அந்த ஹோஸ்ட்டை மட்டும் பிரிக்காம விடச் சொல்லுங்க.

லேப்_அட்மின்:
யாரும் பேசாத நேரத்தில் வெப்சாக்கெட் இணைப்பு சரியாக 60 வினாடியில் அறுந்தால், முன்னால் இருக்கும் என்ஜின்எக்ஸின் (வெப் சர்வர் மென்பொருள்) ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்டைப் பாருங்கள், டிஃபால்ட்டே 60 வினாடிதான். டைம்அவுட்டை மணிக்கணக்கில் ஏற்றுவதைவிட 30 வினாடிக்கு ஒரு பிங் அனுப்புவது மேல். நடுவில் வேறு எந்தப் பெட்டி குறுகிய டைம்அவுட் வைத்திருந்தாலும் அதுவும் சமாளிக்கப்படும்.