மறுமொழி: டைமிங் சென்சார் = நேர உணரி?

வணக்கம். வண்டிப் பழுதுச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலைப் பற்றி எழுதுகிறேன்.

> டைமிங் சென்சாருக்கு 'நேர உணரி' போதுமே, எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான். ஆனால் அந்தக் கருவிக்கு நேரம் தெரியாது. கிராங்க் ஷாஃப்ட்டோடு (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் வளைந்த தண்டு) சுற்றும் சக்கரத்தின் பற்கள் தன்னைக் கடப்பதை மட்டும் அது சொல்லும். பரவலாக உள்ள அமைப்பில் 60 பல்லுக்கு இடம் வகுத்து 58 பல்தான் வெட்டியிருப்பார்கள். பல்லுக்குப் பல் 6 பாகை. விட்டுப்போன இரண்டு பல்லின் இடம் கடக்கும்போது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று எஞ்சின் கணினிக்குப் புரிந்துவிடும். நேரக் கணக்கு கணினியின் வேலை. ஆகவே அது 'வணரிநிலை உணரி' (வணரி என்பது கிராங்க் ஷாஃப்ட்). கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, தமிழில் நெம்புருள்) பக்கம் இருப்பது 'நெம்புருள்நிலை உணரி'. இரண்டையும் 'நேர உணரி' என்று ஒரே பெயரில் அடைத்தால், ஸ்கேனரில் பி 0335 (கிராங்க் உணரிப் பழுதுக் குறி) வந்தவர் எதைக் கழற்றுவார், பி 0340 (கேம் உணரிப் பழுதுக் குறி) வந்தவர் எதைக் கழற்றுவார்?

'வணரி' வாயில் நுழையவில்லை என்பவர்களுக்கு: யாழின் வளைந்த கோட்டை 'வணர்கோடு' என்ற மொழி இது. வளைந்த தண்டுக்கு அதே வேர் பொருந்தாதா?

அந்தப் பல்லில்லா இடத்துக்கு 'மேற்கோள் இடைவெளி' என்று பட்டியலில் இருக்கிறது. எனக்குப் 'பொக்கை' போதும். ஒருமுறை கேட்டால் மறக்காது.

> ஸ்டார்ட் ஆக லேட் ஆகுது = 'தாமதத் தொடக்கம்'

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வண்டிக்காரர் ஒரே வாக்கியத்தில் சொல்வது இரண்டு வேறு நோய். ஒன்றில் செல்ஃப் மோட்டாரே சோம்பலாகச் சுற்றும். மற்றதில் செல்ஃப் நன்றாகவே சுற்றும், எஞ்சின் பிடிக்க மட்டும் நேரமாகும். முதலாவதற்கு மீட்டரை எடுக்க வேண்டும்: நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் சோதிக்க வேண்டும். விழாமலே மெதுவாகச் சுற்றினால் எர்த் ஒயர், டெர்மினல் பக்கம் போகலாம். இரண்டாவதற்கு ஸ்கேனர் வேண்டும். 'தாமதத் தொடக்கம்' இரண்டையும் குழப்பிவிடும்.

நம்மிடம் தன்வினை, பிறவினை இருக்கிறதே. எஞ்சின் தானே ஓடுவது சுழற்சி. செல்ஃப் அதைச் சுற்றவைப்பது 'சுழற்றல்'. ('முடுக்கம்' என்று முன்பு வந்தது, இயற்பியல் பாடநூல் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது.) மெதுவாகச் சுற்றுவது 'மந்தச் சுழற்றல்', நெடுநேரம் சுற்றுவது 'நெடுஞ்சுழற்றல்'.

பிரித்துவிட்டால் இரண்டுக்கும் உள்ள உறவையும் சொல்லலாம். இரண்டு ஒயர் கொண்ட காந்தச்சுருள் வகை உணரியில் மின்னழுத்தம் பல் கடக்கும் வேகத்தைப் பொறுத்தது. மந்தச் சுழற்றலில் குறிகை (சிக்னல்) மெலிந்து, கணினிக்குப் பொக்கையே தெரியாமல் போகலாம். அப்போது மந்தச் சுழற்றலே நெடுஞ்சுழற்றலுக்குக் காரணம். உணரி நல்லதாகவே இருக்கும். மூன்று ஒயர் ஹால் வகையில் குறிகையின் உயரம் வேகத்தோடு மாறாது என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

நெம்புருள்நிலை உணரி செத்தாலும் நெடுஞ்சுழற்றல்தான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பிஸ்டன் மேலே வந்தது அமுக்கத்துக்கா, புகை தள்ளவா என்று அதுதான் சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால் பல வண்டிகளில் கணினி ஊகித்துப் பார்த்துக் கடைசியில் கிளப்பிவிடும். வணரிநிலை உணரி போனால் பெரும்பாலும் கிளம்பாது. சூட்டில் மட்டும் அடம்பிடித்து, ஆறியதும் கிளம்பும் வண்டியிலும் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

பி 0016 என்ற பழுதுக் குறிக்கு 'உணரிப் பொருத்தப் பழுது' என்று போட்டிருப்பதை மாற்றக் கோருகிறேன். இரண்டு உணரியும் நன்றாக இருந்தும் கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் தொய்ந்தால் அந்தக் குறி வரும். இந்தப் பெயரைப் படிப்பவர் உணரியை மாற்றிக் காசை விடுவார். 'வணரி–நெம்புருள் ஒத்திசைவுப் பிழை' நீளம்தான், ஆனால் சரி. செயின் நழுவிப் பல் மாறிவிட்டால் பட்டறையில் 'பல் தாண்டிடுச்சு' என்பார்கள். 'பல் தாண்டல்' என்பதையும் அந்தக் காரணத்துக்கு மட்டும் தனியாகச் சேர்க்கலாம்.

இன்னும் எனக்குப் பிடிபடாதது ஒன்று. 'செல்ஃப் எடுக்குது, ஆனா ஸ்டார்ட் ஆகல' என்ற நிலைக்கு 'பற்றாச் சுழற்றல்' என்று எழுதிப் பார்த்தேன். 'பற்றாக்குறை' என்று வாசித்துவிடுவார்களோ? வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.