பங்குக்கு ஒரு டீம்: அல்ஸ்டர் க்ளப் ஆட்டங்களில் நமக்கு நேர்ந்தவை

கடலோரத்தான் (மஹெரா, டெர்ரி)

மறுபடி கேலிக் ஃபுட்பால் சீசன் வந்தாச்சு. அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரின் ஒன்பது கவுண்டி (மாவட்ட) சாம்பியன் க்ளப்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஸ்கோரையும் வீடியோவையும் எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அந்த மைதானத்தில் உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். எங்கள் ஊர்ப்பக்கம் பங்குக்கு, அதாவது ஒரே சர்ச்சுக்குப் போகிற ஊருக்கு, ஒரு கால்பந்து டீம் உண்டு. பக்கத்துப் பங்கிடம் தோற்றுவிட்டால் அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகவே கூச்சமாக இருக்கும். அதனால் கேலிக் ஃபுட்பாலும் பங்குக் கணக்குதான் என்று இங்கே சொன்னபோது எனக்கு அதிசயமாகத் தோன்றவில்லை. பெரும்பாலும் நீ எந்தப் பங்கில் வளர்கிறாயோ அதுதான் உன் க்ளப். காசு கொடுத்து ஆள் வாங்குவது கிடையாது, ஆடுகிறவனுக்குச் சம்பளமும் கிடையாது.

2022 டிசம்பர், அல்ஸ்டர் ஃபைனல், அர்மா மைதானம். எங்கள் ஊர் க்ளென் அணியும் டவுன் கவுண்டியின் கில்கூவும். கில்கூ அப்போது அயர்லாந்து சாம்பியன். க்ளென் தன் கவுண்டியான டெர்ரியின் கோப்பையையே முதன்முதலாக 2021-ல்தான் எடுத்திருந்தது. பக்கத்து வீட்டு மாட்டுப்பண்ணைக்காரர் காரில் கூட்டிப் போனார். குளிரில் காது கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே, "யார் ஜெயிக்கணும்னு நினைக்கிற?" என்று கேட்டார். நான் பெரிய மனுஷத்தனமாக, "யார் நல்லா ஆடுறாங்களோ அவங்க" என்று சொல்லிவைத்தேன்.

டீ ஊற்றுவது பாதியில் நின்றது. என்னை நிதானமாகப் பார்த்தார். "வீடு எங்க பங்குல. பிள்ளை எங்க ஸ்கூல்ல. ஞாயித்துக்கிழமை உட்கார்றது எனக்கு முன்னாடி பெஞ்ச்சுல. அந்த வசதியெல்லாம் உனக்குக் கிடையாதுப்பா." மீதி டீயை ஊற்றிக் கொடுத்தார்.

க்ளென் ஜெயித்தது, அவர்களுக்கு முதல் அல்ஸ்டர் கோப்பை. அந்த அணியின் கானர் கிளாஸ் ஆஸ்திரேலியாவில் ஹாதார்ன் அணிக்குச் சம்பளத்துக்கு ஆடிவிட்டு ஊர் திரும்பியவர், இங்கே சும்மா ஆடுகிறார். அடுத்த மாதம் அயர்லாந்து ஃபைனலில் டப்ளின் க்ளப்பான கில்மகட் க்ரோக்ஸிடம் தோல்வி. கடைசி நிமிஷங்களில் எதிரணியில் பதினைந்து பேருக்கு மேல் களத்தில் நின்றார்கள் என்று பெரிய பஞ்சாயத்து. மறு ஆட்டம் நடத்தச் சொல்லும் உத்தரவு வரைக்கும் போய், கடைசியில் க்ளென்னே மேற்கொண்டு போராடாமல் விட்டுவிட்டது. அந்த ஒரு வாரம் எங்கள் ஊர்க் கடையில் பால் வாங்கப் போனால் அரை மணி நேரமாகும், எல்லாரும் சட்டம் பேசிக்கொண்டிருப்பார்கள். 2024 ஜனவரியில் செயின்ட் பிரிஜிட்ஸை வென்று அயர்லாந்துக் கோப்பை வந்தது. பண்ணைக்காரர் என்னிடம், "இப்ப சொல்லு, யார் நல்லா ஆடினாங்க?" என்றார்.

மலையடி நர்ஸ் (காசில்வெல்லன், டவுன்)

அண்ணா, நீங்களாவது சொந்தப் பங்கில் மாட்டினீங்க. நான் மாட்டினது பக்கத்துப் பங்கில்.

2022 பிப்ரவரி. நான் இங்கே வந்து நாலு மாசம்கூட ஆகல. நைட் ட்யூட்டி முடிஞ்சு பஸ்ஸில் வர்றேன், ரோடு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமா கொடி. நம்ம ஊர்க்காரிக்குக் கறுப்புக் கொடியைப் பார்த்தா என்ன தோணும்? யாரோ பெரிய தலைவர் போயிட்டார், இல்லைன்னா அமைச்சர் வர்றார். பக்கத்து சீட் அம்மாகிட்ட மெதுவா, "யார் இறந்தாங்க?"ன்னு கேட்டேன். "ம்ம், டப்ளின்காரங்க"ன்னு சொல்லிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. கறுப்பு வெள்ளை கில்கூவோட நிறமாம்.

நமக்கும் ஊரோட கலந்துகொள்ளணுமேன்னு ஆசை. மருந்துக் கடைக்குப் போய், கல்லாவில் இருந்த பெரியவர்கிட்ட, "வாழ்த்துகள் சார், உங்க ஊர் ஜெயிச்சிருச்சாமே!"ன்னேன். கடையே அமைதியாயிருச்சு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சிட்டு, "அது எங்க ஊர் இல்லம்மா. அது கில்கூ. இது காசில்வெல்லன்"னார். நடுவில் சில மைல்தான் தூரம்! பல வருஷமா டவுன் கவுண்டிக் கோப்பையை அவங்க கையைவிட்டு வாங்க முடியாம இவங்க படுற பாடு எனக்கு அப்போ தெரியாது. மாத்திரையைக் கொடுத்துட்டு, வாசல் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஆனா டப்ளின்காரனைத் தோற்கடிச்சது நல்லதுதான்"னு சொன்னார்.

அந்த அயர்லாந்து ஃபைனல் ஸ்கோர் எனக்கு ரெண்டு நாள் புரியல. கில்கூ 2-8, கில்மகட் க்ரோக்ஸ் 0-13. பதிமூணு பெரிசா, எட்டு பெரிசா? வார்டில் ஒரு தாத்தா போர்வை மேல விரலால கோடு போட்டுக் கத்துக்கொடுத்தார். முதல் எண் கோல், ஒரு கோலுக்கு மூணு புள்ளி. ரெண்டாவது எண், கம்பிக்கு மேலே போனது, ஒவ்வொண்ணு. ஆக ஆறும் எட்டும் பதினாலு, பதிமூணை ஒரு புள்ளியில தாண்டிருச்சு. கூடுதல் நேரத்தோட கடைசி மூச்சில ஜெரோம் ஜான்ஸ்டன் அடிச்ச கோல்லதான் தாண்டினாங்க. தாத்தா அந்தக் கோலை எனக்கு மூணு தடவை சொன்னார், மூணு தடவையும் மானிட்டரில் இதயத் துடிப்பு ஏறுச்சு. நாலாவது தடவைக்கு நான் அனுமதிக்கல.

வல்வைப் பெடியன் (நியூரி)

நான் ஒரு அல்ஸ்டர் மேட்சும் முழுசாப் பார்த்ததில்லை, உண்மையைச் சொல்லிப்போடுறன். ஆனா அர்மா கவுண்டியில க்ராஸ்மக்லென் க்ளப்பின்ர மைதானத்துக்குப் போனனான். டெலிவரி வேலை, பெட்டி இறக்கப் போன இடம்.

வாசலில நிண்ட ஒரு வயசாளி தானாவே கதை தொடங்கினார். வட அயர்லாந்துச் சண்டைக் காலத்தில இந்த மதிலுக்கு அங்கால பிரிட்டிஷ் ஆமியின்ர முகாம் இருந்ததாம். க்ளப்பின்ர காணியிலயும் ஒரு துண்டை எடுத்து வச்சிருந்தவங்களாம். பெடியள் பயிற்சி செய்யேக்க தலைக்கு மேல ஹெலி இறங்குமாம். பந்து அங்கால போனா போனதுதான். அந்த நிலைமையிலதான் 1997-ல அயர்லாந்துக் கோப்பை எடுத்தவை, பிறகு 1999, 2000 எண்டு அடுத்தடுத்து. மொத்தம் ஆறு. அல்ஸ்டர் கோப்பை பதினொண்டு, வேற ஒருத்தரும் கிட்டவும் இல்லை. ஆமி 2007-ல போயிட்டுது.

அவர் முகாம் இருந்த இடத்தைக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டு போறார், நான் "ஓம் ஓம்" எண்டு தலையாட்டிக்கொண்டு நிக்கிறன். எங்கட பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்திலயும் முள்ளுக்கம்பியும் மண்மூட்டையும்தான். பந்து அங்கால போனா எடுக்கப் போறேல்ல. "உனக்கு விளங்குதோ?" எண்டு கேட்டார். விளங்குது எண்டன். வேற ஒண்டும் சொல்லேல்ல. அவரும் கேக்கேல்ல, பெட்டியை இறக்கக் கை குடுத்தார்.

நேரடியாகச் சொல்பவன் (பெல்ஃபாஸ்ட்)

எல்லாரும் உருகுகிறீர்கள், சரி. ஆட்டத்தைப் பற்றியும் ஒருவர் உண்மை சொல்ல வேண்டும் அல்லவா? 2023-ல் ஒரு மேட்சுக்குப் போனேன், பெயர் சொல்லவில்லை. பதினைந்து பேரும் தங்கள் கோல் முன்னால் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரணி பந்தைக் கையால் தட்டித் தட்டி, பக்கவாட்டில் கொடுத்து, பின்னால் கொடுத்து, கோல்கீப்பருக்கே திருப்பிக் கொடுத்து... சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி. இடைவேளையில் கிளம்பிவிட்டேன்.

கடலோரத்தான்

2023-ஐ வைத்து இப்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஜிம் கேவின் தலைமையில் கமிட்டி போட்டு 2025-ல் விதிகளையே மாற்றிவிட்டார்கள். நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கம்பிக்கு மேல் உதைத்தால் இரண்டு புள்ளி, அதற்கு ஆரஞ்சுக் கொடி. எப்போதும் மூன்று பேராவது எதிரணிப் பாதியில் நிற்க வேண்டும், அதனால் மொத்தப் பேரும் கூடாரம் போட முடியாது. ஒரு தடவை போய்விட்டு வந்து திட்டுங்கள்.

காளான் தோட்டம் (மொனஹன்)

ஸ்காட்ஸ்டவுன்காரர்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் என் வயிற்றெரிச்சலையும் பதிவு செய்கிறேன். 2015 ஃபைனல், க்ராஸ்மக்லென்னிடம் தோல்வி. 2018 ஃபைனல், கூடுதல் நேரத்தில் க்வீடோரிடம் தோல்வி. 2023 ஃபைனல், மேலே உருகியிருக்கிறாரே, அவருடைய க்ளென்னிடம் தோல்வி.

2018-ல் நான் ஓமா மைதானத்தில் இருந்தேன். க்வீடோர் டோனிகோலில் ஐரிஷ் பேசுகிற ஊர். என்னைச் சுற்றி நின்றவர்கள் கத்துவது, திட்டுவது, ஜெபிப்பது எல்லாம் ஐரிஷில். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எது திட்டு, எது ஜெபம் என்று நன்றாகவே தெரிந்தது. அவர்களுக்கு அதுதான் முதல் அல்ஸ்டர் கோப்பை. பக்கத்தில் நின்ற அம்மா என்னைக் கட்டிப் பிடித்துவிட்டார். நான் ஸ்காட்ஸ்டவுன் தொப்பி போட்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தார். அப்படியும் விடவில்லை.

எங்கள் கோல்கீப்பர் ரோரி பெகன் தூரத்து ஃப்ரீ கிக்கை எல்லாம் முன்னே ஓடிவந்து தானே உதைப்பார். 2024-ல் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். அவருடைய உதையைச் சோதித்துப் பார்க்க அழைத்தது. அதிலிருந்து எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையும் கோல் போஸ்ட்டுக்குள் நிற்க மாட்டேன் என்று சொல்வதில்லை. என் மகள் உள்பட. ஜன்னல் கண்ணாடி இதுவரை இரண்டு.

கொங்கு டப்ளின்

நம்முளுது டப்ளின் இருக்கற லென்ஸ்டர் மாகாணத்துக் கதைங்க, திரிக்குள்ள நுழையலாமுங்களா? 2018 டிசம்பர், டல்லமோர்ல ஃபைனல். நான் குடியிருந்தது ஸ்டில்லோர்கன், அதனால ஆபீஸ் நண்பன் கழுத்துல ஊதா மஞ்சள் ஸ்கார்ஃப் ஒண்ணைச் சுத்திவிட்டு, "நீ கில்மகட் க்ரோக்ஸ்"னு கூட்டிட்டுப் போயிட்டான். எதிரணி லாங்ஃபர்ட் கவுண்டியில இருந்து முல்லினலாக்டா. பேரைச் சொல்லவே ஒரு வாரம் பழகோணும்.

அந்த ஊர்ல சுமார் 450 பேர்தானுங்க. அதுவும் ஒரு பங்கோட பாதிதான். மீதிப் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம் கேவன் கவுண்டியில கவ்னா, அது உங்க அல்ஸ்டர்ல வருது. ஒரே சாமியார், ரெண்டு மாகாணம். இங்க எங்க க்ரோக்ஸ்ல சின்னப் பசங்க மட்டுமே அந்த ஊர் ஜனத்தைவிட அதிகம்.

என் பக்கத்துல ஒரு லாங்ஃபர்ட் பெரியவர். ஸ்கார்ஃபைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. இடைவேளையில காகிதத்தைப் பிரிச்சு ஹாம் சாண்ட்விச் ஒண்ணு நீட்டினார். நான் சைவமுங்க, ஆனா மறுக்க மனசு வரல. வாங்கிக் கையிலயே வெச்சிருந்தேன். ரெண்டாவது பாதி முழுக்க, சாண்ட்விச்சோட. கடைசி நிமிஷங்கள்ல பெனால்டி. கேரி ராஜர்ஸ் அடிச்சார், உள்ள. 1-8, 1-7. லாங்ஃபர்ட்ல இருந்து ஒரு க்ளப் லென்ஸ்டர் எடுத்தது அதுதான் முதல் தடவை.

விசில் ஊதினதும் எல்லாரும் கம்பியைத் தாண்டிக் களத்துக்குள்ள ஓடறாங்க. பெரியவர் ஓடலை. என் முழங்கையைப் பிடிச்சுட்டு நின்னார். வாய் திறக்கறார், சத்தம் வரல. அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னோமுங்க. அப்புறம் சாண்ட்விச்சைப் பார்த்து, "நீ சாப்பிடவே இல்லையே"ன்னார். அன்னிக்குச் சாப்பிட்டேன். வீட்ல இதுவரைக்கும் சொல்லல, இங்கயும் யாரும் சொல்லிப்போடாதீங்க.

மலையடி நர்ஸ்

கொங்கு அண்ணா, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு.

கடலோரத்தான்

சொல்ல மறந்தது ஒன்று. எங்களுக்கும் ஸ்லாக்நீலுக்கும் மலைச்சரிவு மட்டும்தான் இடைவெளி. 2016-ல் அந்தச் சின்ன ஊர் ஃபுட்பால், ஹர்லிங் என்கிற மட்டை ஆட்டம், அதையே பெண்கள் ஆடும் கமோகி என மூன்று அல்ஸ்டர் க்ளப் கோப்பைகளையும் ஒரே வருஷத்தில் எடுத்துவிட்டது. பண்ணைக்காரர் முன்னால் இதைப் பாராட்டிப் பேசிப் பார்த்தேன். "அங்க வேற என்ன வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

புதுசா வந்தவள் (ஓமா பக்கம், டைரோன்)

எல்லாருக்கும் வணக்கம். வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. 2024-ல் எரிகல் கீரன் அல்ஸ்டர் எடுத்தது என்று சொல்லிச் சொல்லியே வீட்டுக்காரர் எங்களுக்கு வாடகை ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார். ஒரு சந்தேகம். எங்கள் வீடு இரண்டு பங்குகளுக்கு நடுவில் இருக்கிறது. தபால்காரர் ஒன்று சொல்கிறார், எதிர்வீட்டு அக்கா இன்னொன்று சொல்கிறார். பிள்ளை இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. நாங்கள் எந்த க்ளப் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காளான் தோட்டம்

மொனஹன் பக்கம் குடிவந்துவிடுங்கள். எங்களுக்கு ஆள் தேவை.

கடலோரத்தான்

நீங்களாகப் போய் யாரிடமும் கேட்காதீர்கள், ஒரு தெருவே பிரிந்துவிடும். கேட் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள். எந்த க்ளப்பிலிருந்து முதலில் ஆள் வந்து லாட்டோ சீட்டு விற்கிறார்களோ, அந்த க்ளப்தான் நீங்கள்.

புதுசா வந்தவள்

ஐயோ. நேற்றே இரண்டு பேர் வந்தார்கள். நான் இரண்டு பேரிடமும் வாங்கிவிட்டேன்.