பிரஷர் வாஷருக்கு எந்த லிக்விட் ஊத்தறது? ஆயில் கறை, பாசி, கார் எல்லாத்துக்கும் ஒண்ணே போதுமா?

மாடிவீட்டுக்காரன்:
வீட்டுக்கு 120 பார் பிரஷர்ல தண்ணி அடிக்கிற மிஷின் ஒண்ணு வாங்கியிருக்கோம். வெறும் தண்ணிலயே மண்ணு தூசி எல்லாம் பறக்குது, ஆனா போர்டிகோல பைக் நிக்கிற இடத்து ஆயில் கறை அசையவே மாட்டேங்குது, மாடி கைப்பிடிச் சுவத்துல வேற மழைக்கு கருகருன்னு பாசி. துணி துவைக்கிற பவுடரை கரைச்சு மிஷின் பாட்டில்ல ஊத்துன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றார், ஊத்தலாமா? எங்களுது போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி.

லேப்காரன்:
பவுடர் வேணாங்க. கரையாத துகள் போய் நாசில்ல அடைச்சுக்கும், நுரையும் அலசி மாளாது.

தண்ணி வேகம், மேல உக்காந்திருக்கிற அழுக்கைத்தான் தள்ளும். எண்ணெய் தண்ணியோட சேராது, அதுக்குத்தான் சோப்பு. சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணியைப் பிடிக்கும், இன்னொரு முனை எண்ணெயைப் பிடிக்கும். நிறைய மூலக்கூறு சேர்ந்து எண்ணெய்த் துளியை சுத்தி வளைச்சு தூக்கிடும், அப்புறம் தண்ணி அடிச்சா கூடவே போயிடும். ஆனா சாதா சோப்பு உப்புத் தண்ணில இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து வெள்ளையா திரியும், அதனால உங்க தண்ணிக்கு செயற்கை டிடர்ஜென்ட் லிக்விட்தான் சரி.

ஒண்ணே எல்லாத்துக்கும் ஆகாது. ஆயிலுக்கு காரத்தன்மை உள்ள டீகிரீஸர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற லிக்விட்), காருக்கு பிஹெச் 7 பக்கத்துல, அதாவது அமிலமும் இல்லாம காரமும் இல்லாம இருக்கிற கார் ஷாம்பு. காரமான டீகிரீஸரை அலுமினியம் அலாய் வீல்ல பட விட்டா மங்கிடும், பெயின்ட் மேல இருக்கிற வாக்ஸும் போயிடும்.

சர்வீஸ்_மணி:
வாட்டர் சர்வீஸ்ல வேலை பாக்கறேன், அடிக்கிற முறையை மட்டும் சொல்றேன். முதல்ல வெறும் தண்ணி அடிச்சு மண்ணை எடுத்துடுங்க, இல்லன்னா அந்த மண்ணே காரை கீறும். லிக்விடை பிரஷர் கம்மியா வச்சு கீழருந்து மேல போடுங்க, மேலருந்து போட்டா கோடு கோடா வழிஞ்சு அந்த தடம் நின்னுடும். அஞ்சு நிமிஷம் ஊற விடுங்க ஆனா காய விட்டுடாதீங்க, வெயில்லயும் சூடா இருக்கிற பானட்லயும் போடவே போடாதீங்க. அலசறப்போ மேலருந்து கீழ. போர் தண்ணின்னா உடனே துணி வச்சு துடைச்சுடணும், இல்லன்னா வெள்ளைப் புள்ளி விழும். ஆயில் கறைக்கு டீகிரீஸர் ஊத்தி கெட்டி பிரஷ்ல தேய்ச்சுட்டு அப்புறமா அடிங்க. சிமென்ட்டுக்குள்ள இறங்கின பழைய கறை மங்கும், முழுசா போகாது. கடைசில பாட்டிலை கழட்டிட்டு நல்ல தண்ணி ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க.

மாடிவீட்டுக்காரன்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பாசிக்கு பாத்ரூம் ஆசிட் அடிக்கலாமா? போர்டிகோ ஓரம் மொசைக் இருக்கு.

லேப்காரன்:
ஆசிட் வேண்டவே வேண்டாம். மொசைக்ல இருக்கிற மார்பிள் சில்லு, சிமென்ட் ரெண்டையும் அரிச்சுடும். பாசி உயிருள்ளது, அதைக் கொல்ல சோடியம் ஹைப்போகுளோரைட் லிக்விடை (பிளீச் லிக்விட்) தண்ணி கலந்து கை ஸ்பிரேயர்ல அடிச்சு, பத்து நிமிஷம் விட்டு அலசுங்க. மிஷின் வழியா விட்டா பம்ப் சீல் கெட்டுடும். கிளவுஸ், கண்ணாடி போட்டுக்குங்க, செடி மேல பட விடாதீங்க. முக்கியமா அதையும் ஆசிடையும் ஒரே இடத்துல ஒண்ணு மேல ஒண்ணா போட்டுடாதீங்க, குளோரின் வாயு வரும், மூச்சு அடைச்சுடும். வீட்ல குழந்தைங்க இருந்தா ரெண்டு பாட்டிலையும் தனித்தனியா வைங்க.