நேபாளத்தில் பெரிய நீர்த்தேக்கங்கள் ஏன் குறைவு?

கேள்வி:
வணக்கம். மலையும் ஆறும் நிறைந்த நேபாளம் குளிர்காலத்தில் இந்தியாவிடம் மின்சாரம் வாங்குவது ஏன் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மழைக்காலத்தில் பெருகும் ஆறுகள் குளிர்காலத்தில் மெலிந்துவிடுவதால், நீரைத் தேக்காத நிலையங்களின் உற்பத்தியும் உடன் சரிகிறது. 2021-இல் இயங்கத் தொடங்கிய 456 மெகாவாட் திறன்கொண்ட ‘மேல் தாமாகோசி’ நீர்மின் நிலையம், நீர் 822 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வசதி இருந்தும், சில மணி நேரத் தேவைக்கான நீரையே சேமிக்கிறது.

மறுமொழி 2:
தேக்குவதிலும் இடர் உண்டு ஐயா. 1993 பெருவெள்ளம் நேபாளத்தின் குலேகானி நீர்த்தேக்கத்தில் ஏராளமான வண்டலைக் கொட்டியது. இமயத்து மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள், உப்புத்தாள் தேய்ப்பதுபோலச் மின்னாக்கச் சுழலியின் (டர்பைன்) தகடுகளின் விளிம்பை அரித்துவிடுகின்றன. எனவே சுழலிக்குப் போகும் முன் நீரிலுள்ள மணலைப் படியவைக்கும் தொட்டியில் சிக்கனம் பார்ப்பது பெருந்தவறு.

மறுமொழி 3:
ஆயினும் குலேகானியில் தேக்கிய நீரை மூன்று நிலையங்கள் அடுத்தடுத்துப் பயன்படுத்துகின்றன.