‘தண்ணி’ என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதைகள்

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டு வாசலில் அடிபம்பு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெண்ணின் அப்பா தொலைபேசியில் அழைத்தார். அம்மா பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

“தம்பியா? வாசலில் தண்ணி அடித்துக்கொண்டிருக்கிறான்.”

சிறிது இடைவெளி.

“ஆமாம், தினமும்தான். விடிந்ததும் முதல் வேலை அதுதான். முன்பெல்லாம் அவன் அப்பா அடிப்பார். நெஞ்சுவலி வந்த பிறகு டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் இவன் பழகிக்கொண்டான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இவன்தான் அடித்துக் கொடுக்கிறான்.”

ரிசீவரைப் பார்த்தபடி அம்மா வெளியே வந்தார். “பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்டா.”

‘குடம்’ என்று ஒரு சொல் இடையில் விழுந்திருந்தால் பிழைத்திருப்பேன். ‘தண்ணீர் அடிக்கிறான்’ என்றிருந்தாலும் தப்பித்திருக்கலாம். எழுத்தில் வரும் தண்ணீருக்குப் போதை ஏறுவதில்லை, பேச்சில் வரும் தண்ணிக்குத்தான் ஏறுகிறது. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்!

என்னை மாட்டிவிட்டது ‘அடி’ இல்லை, ‘காட்டு’. எட்டு வயதில் விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். “மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வா” என்றார். வாளி நிறையத் தண்ணீர் எடுத்துப் போய், மாட்டின் முகத்துக்கு நேரே இரண்டு முழம் தள்ளி வைத்துக் காட்டினேன். அது கழுத்தை நீட்டியது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, “காட்டிவிட்டேன் தாத்தா” என்றேன். ‘காட்டு’ என்றால் குடிக்க வைப்பது என்று எனக்கு யார் சொன்னார்கள்? தாத்தா சிரித்துவிட்டு, “மாட்டுக்கே தண்ணி காட்டிவிட்டாயே!” என்றார். ஏய்த்துவிட்டாய் என்கிற பொருளில். அதுவும் எனக்குப் புரியவில்லை, பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் மகளின் முறை. ‘வனத்துறைக்குத் தண்ணீர் காட்டும் சிறுத்தை’ என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, “பாவம், அந்த அங்கிள்களுக்கு ரொம்பத் தாகமா அப்பா?” என்று கேட்டாள். (மேலே எழுதியவருக்கு: பாருங்கள், இங்கே முழுசாகத் ‘தண்ணீர்’ என்று அச்சிட்டும் தப்பவில்லை. கூட வருகிற வினைதான் ஆளை மாற்றுகிறது.)

* * *

எனக்கு நேர்ந்தது அலுவலகத்தில். புதிதாக வந்த மேலாளரிடம், “கணக்கு முடிப்பதெல்லாம் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு சார்” என்று என்னைப் பற்றிச் சக ஊழியர் பெருமையாகச் சொன்னார். கைவந்த கலை என்பதுதான் பொருள். மேலாளரோ ‘பாடு’ என்றதும் படாத பாடு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. மறுநாள் என் மேசைக் கணக்குகளில் பாதி வேறொருவருக்குப் போயிருந்தது. நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்?

* * *

எனக்குக் கதை இல்லை, ஒரு புலம்பல் மட்டும். தண்மை என்றால் குளிர்ச்சி. தண்மை சேர்ந்த நீர்தான் தண்ணீர். சூடானது வெந்நீர். இதைச் சொல்லிக்கொடுத்த அன்றே ஒரு மாணவி, “அப்படியானால் சுடுதண்ணீர் என்றால் சூடான குளிர்ந்த நீரா?” என்று கேட்டுவிட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? என் வீட்டிலும் சுடுதண்ணீர்தான்.

* * *

முதலில் எழுதியவன் மீண்டும் வருகிறேன். பின்னர் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். அன்று மாலையே தரகரை அனுப்பி விளக்கினோம். நம்பினார்களா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் பெண்ணின் அப்பா, தம் அண்ணன்மார் இருவரோடு நேரில் வந்துவிட்டார். உள்ளே நுழைவதற்கு முன் பம்பைச் சுற்றிப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்து நாலைந்து முறை அடித்தும் பார்த்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. எங்கள் பம்பு பழையது, மேலே ஒரு செம்புத் தண்ணீர் விட்டால்தான் பிடிக்கும்.

அம்மா செம்போடு ஓடிவந்தார். “சும்மா அடித்தால் ஏறாதுங்க. கொஞ்சம் ஊற்றிக்கொண்டு அடியுங்கள்.”