ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டுவதா, ஒரு மீட்டர் முன்னே இழுப்பதா?

குழிமேடு:
அறை 4.5 மீட்டர் நீளம், 3.3 அகலம், 3 உயரம். ஸ்டாண்டில் வைக்கும் இருவழி ஸ்பீக்கர் ஜோடி: ஆறரை அங்குல வூஃபர் (பாஸ் ஒலிக்கும் பெரிய கோன்), பின்பக்கம் போர்ட் (பாஸுக்கு உதவும் காற்றுத் துளை), பெட்டி 20 செ.மீ. அகலம், 28 செ.மீ. ஆழம். 3.3 மீட்டர் சுவர் பக்கம் ஸ்பீக்கர்கள், எதிர்ச்சுவரோடு சோபா. ஸ்பீக்கரை முன்னே இழு என்கிறார்கள் சிலர், ஒட்டி வை என்கிறார்கள் சிலர். காரணத்தோடு சொல்லுங்கள். "காதுக்கு இதமா இருக்கும்" என்ற பதில் வேண்டாம்.

மரப்பெட்டி:
முதல் வேலை சோபாவை நகர்த்துவது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பி நிலைக்கும் அலைதான் அறை அதிர்வு. நீளவாக்கில் எழும் எல்லா அறை அதிர்வுகளுக்கும் சோபாவின் பின்சுவரில் அழுத்தம் உச்சம். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 38 ஹெர்ட்ஸ், அடுத்தது 76. சுவரில் தலை சாய்த்தால் இரண்டும் சேர்ந்து மொத்தும். நடுவில் போய் உட்கார்ந்தாலும் தப்பு, அங்கே 38 காணாமல் போகும். பின்சுவரிலிருந்து நீளத்தின் 38 சதவீதம், அதாவது 1.7 மீட்டர் முன்னால் தொடங்கிப் பாருங்கள்.

ஸ்பீக்கரின் முன்முகம் சுவரிலிருந்து 1 மீட்டர், இரண்டுக்கும் இடையே 2 மீட்டர். காதுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சுமார் 2.05 மீட்டர் வரும். கிட்டத்தட்ட சமபக்க முக்கோணம். ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சிறு ஸ்பீக்கர்) உட்கார்ந்தவரின் காது மட்டத்தில். முன்னே இழுத்தால் பாஸ் தெளியும், இசை மேடையின் (கருவிகள் நிற்பதாகக் காதுக்குத் தோன்றும் பரப்பு) ஆழம் கேட்கும்.

டெசிபல்தாசன்:
சோபா விஷயம் சரி. ஒரு மீட்டர்தான் இடிக்கிறது. வூஃபரிலிருந்து பின்னால் போகும் பாஸ் சுவரில் பட்டுத் திரும்பி, நேர் ஒலியோடு எதிர்க்கட்டத்தில் (ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தோடு) மோதி ஒலி வற்றும் குழியின் அலைவெண் 343 ÷ (4 × தூரம்). ஒரு மீட்டருக்கு 86 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் குத்தும் பாஸ் கிட்டாரின் உடம்பும் அங்கேதான். அதைக் குழியில் தள்ளிவிட்டு "தெளிந்தது" என்கிறோம். இல்லாத பாஸ் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும்!

ஒட்டி வைத்தால், போர்ட்டுக்கு 7 செ.மீ. விட்டு, முன்முகம் 35 செ.மீ.-இல் நிற்கும். குழி 245 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கீழே 6 டெசிபல் வரை சுவரே இலவசமாகத் தரும். மிஞ்சியதை ஈக்யூவில் (அலைவெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) குறைத்துக்கொள்ளலாம், ஆம்ப்ளிஃபயருக்கும் சுமை இறங்கும்.

தூரத்தை முன்முகத்திலிருந்து அளக்கவும். பெட்டியின் முதுகிலிருந்து அளந்தால் கணக்கு முழுக்கத் தப்பும்.

மரப்பெட்டி:
245-க்கு ஏற்றினால் குழி மறைந்துவிடுமா? 20 செ.மீ. அகலப் பெட்டி ஏறக்குறைய 575 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியை முன்பக்கம் மட்டும் அனுப்பாது, சுற்றிலும் பரப்பும். அதனால் 245-இல் பின்னால் போவது கிட்டத்தட்ட முழு ஒலி. சுவர் அருகில் இருப்பதால் திரும்பி வருவதும் நேர் ஒலிக்கு ஏறக்குறையச் சமமான பலத்தோடு வரும், குழி 10 டெசிபலைத் தாண்டும். ஒரு மீட்டரில் நேர் ஒலி 2.05 மீட்டர் வருகிறது, எதிரொலி 3.9 மீட்டர் சுற்றி வருகிறது. பலம் பாதி. குழி 6 டெசிபல்தான். ஆண் குரலின் கனம் 245 பக்கம்தானே? அதைக் குடைவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. நீளத்தின் கால் பங்கில், 1.1 மீட்டர் அருகே, ஸ்பீக்கர் நின்றால் 76 ஹெர்ட்ஸ் அதிர்வை அது கிளப்பவே கிளப்பாது.

டெசிபல்தாசன்:
சார், 76-ஐக் கிளப்பாதது நன்மை என்று நீங்கள் சொல்வதும், 86 அருகே குழி என்று நான் சொல்வதும் ஒரே சங்கதி. இரண்டும் ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள அதே முன்சுவரின் எதிரொலிதான். ஒன்றை வரவில் எழுதி மற்றதை விட்டுவிட முடியாது.

245 பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அலைவரிசையைப் பஞ்சு தின்னும், 86-ஐத் தின்னாது. 10 செ.மீ. ராக்வூல் (ஒலி உறிஞ்சும் கற்கம்பளி) பலகை முதுகுக்குப் பின்னால் போதும்.

பஞ்சுமூட்டை:
7 செ.மீ. இடைவெளியில் 10 செ.மீ. பலகையா? பலகையை வைத்து, போர்ட்டுக்கு இன்னும் 5 செ.மீ. விட்டால் முன்முகம் 43 செ.மீ.-க்கு வந்துவிடும். குழி 200-க்கு இறங்கும். அங்கே 10 செ.மீ. பலகையின் உறிஞ்சும் திறனும் குறைகிறது. தடிமனைக் கூட்டக் கூட்டப் பெட்டி முன்னே வரும், குழி பின்தொடரும்.

வழி ஒன்று உண்டு: போர்ட்டில் நுரை அடைப்பானைச் செருகுங்கள். பெட்டி மூடிய பெட்டியைப் போல நடக்கும், அடிமட்ட பாஸ் மெல்லச் சரியும், சுவர் தரும் ஏற்றம் அதை ஈடுகட்டும். இடைவெளி தேவையில்லை, பலகையோடு ஒட்டலாம். முன்முகம் 38 செ.மீ., குழி 225. பலகை பெட்டியைவிட ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ.யாவது அகலமாக இருக்கட்டும். பெட்டியின் நிழலில் மறையும் சின்னத் துண்டு பயன் தராது. ஒரு அங்குல நுரை ஓடுகளை ஒட்டுவது வெறும் அலங்காரம்.

அரைக்காது:
பக்கச் சுவரை யாருமே பேசவில்லையே? 2 மீட்டர் இடைவெளியில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் பக்கச் சுவரிலிருந்து 65 செ.மீ. இங்கே நான்கால் வகுக்கும் கணக்கு செல்லாது, நேர் ஒலிக்கும் எதிரொலிக்கும் உள்ள பாதை வித்தியாசத்தைப் பார்த்து, அதன் இரு மடங்கால் 343-ஐ வகுக்கவேண்டும்: ஒரு மீட்டர் அமைப்பில் 86 செ.மீ., அதாவது 2.5 மில்லிசெகண்ட். குழி 199 அருகே. பஞ்சுமூட்டையின் 38 செ.மீ. அமைப்பில் வித்தியாசம் 72 செ.மீ., குழி 238 அருகே; அவர் சொல்லும் 225-உம் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன. மரப்பெட்டியின் அமைப்பில் இந்தச் சேர்க்கை இல்லை. அது அவருக்கு ஒரு புள்ளி.

கண்ணாடியைச் சுவரில் நகர்த்தி, இருக்கையிலிருந்து ட்வீட்டர் தெரியும் இடத்தில் எல்லாம் பஞ்சு அடிக்கும் வழக்கம் எனக்கு ஒப்புதல் இல்லை. பக்கவாட்டில் சீராகப் பரப்பும் ஸ்பீக்கர் என்றால் அந்த எதிரொலி இசைக்கு விரிவைக் கொடுக்கும் என்று ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். பக்கவாட்டு ஒலி கரடுமுரடானால் மட்டும் உறிஞ்சுங்கள், அல்லது ஸ்பீக்கரின் முகத்தை இன்னும் உள்ளே திருப்புங்கள்.

மரப்பெட்டி:
ஈக்யூவை நம்பும் டெசிபல்தாசனுக்கு: குழியை ஈக்யூ நிரப்பாது.

டெசிபல்தாசன்:
எந்தக் குழி என்பதைப் பொறுத்தது. அறை அதிர்வின் சூனியப் புள்ளியில் (அழுத்தமே இல்லாத இடம்) உட்கார்ந்திருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் வீண். உங்கள் 6 டெசிபல் குழியில் எதிரொலி நேர் ஒலியைவிடப் பலவீனம், ஏற்றினால் நிரம்பும். விலை நான்கு மடங்கு பவர், அதுவும் அந்த ஒரு இருக்கைக்குத்தான். ஆறரை அங்குல வூஃபர் 86-இல் அதைத் தாங்குமா என்பது நீங்கள் வைக்கும் சத்தத்தைப் பொறுத்தது.

பஞ்சுமூட்டை:
சப்வூஃபர் (அடிமட்ட பாஸுக்கான தனிப் பெட்டி) சேர்த்தால் சண்டையே பாதி குறையும். அது சுவரோடு, இரு ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கட்டும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அதற்குக் கடத்தினால் 86 வேலையைப் பெரும்பாலும் அது பார்த்துக்கொள்ளும். ஸ்பீக்கர்கள் ஒரு மீட்டரிலேயே நிற்கலாம்.

குழிமேடு:
சப் இல்லாமல் இரண்டையும் ஒப்பிட என்ன செய்யவேண்டும்?

டெசிபல்தாசன்:
தரையில் டேப் ஒட்டி இரண்டு நிலைகளையும் குறியுங்கள். அளவு மைக்கைக் காது இருக்கும் இடத்தில் நிறுத்தி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவு மென்பொருளில் 20 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (தாழ்விலிருந்து ஏறும் ஒலி), முதலில் இடது, வலது தனித்தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து. மைக்கை நகர்த்தாதீர்கள். குழி எங்கிருந்து எங்கே போனது என்று கோடு காட்டிவிடும். பிறகு ஸ்பீக்கரை 5 செ.மீ. படிகளில் நகர்த்தி அளக்கவும்.

மரப்பெட்டி:
அதற்கு முன் ஒயரின் கூட்டல், கழித்தல் முனைகளைப் பாருங்கள். ஒரு பக்கம் மாறியிருந்தால் மோனோ குரல் நடுவில் நிற்காமல் சிதறும், பாஸ் வற்றிப்போகும். அப்புறம் எந்தச் சுவரைத் திட்டியும் பயனில்லை. இரு ஸ்பீக்கரும் காதுக்கு ஒரே தூரத்தில் இருக்கட்டும், ஒரு செ.மீ.க்குள்.

அரைக்காது:
அளந்த கோட்டை இங்கே போடுங்கள். 104 ஹெர்ட்ஸில் ஒரு மேடு இருக்கும் என்பது என் கணிப்பு. அது அகலத்தின் இரண்டாம் அதிர்வு, நடுக்கோட்டில் உட்காரும் எவருக்கும் அது உச்சம். ஸ்பீக்கரை முன்னே பின்னே தள்ளி அதை அசைக்க முடியாது, பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். பக்கச் சுவரிலிருந்து 80 செ.மீ. வந்தால் அடங்கும். ஆனால் இடைவெளி 1.7 ஆகச் சுருங்கும்.

மரப்பெட்டி:
1.7-இல் மேடை குறுகிவிடும். அந்த மேட்டை ஈக்யூவில் வெட்டுவேன்.

டெசிபல்தாசன்:
ஈக்யூ என்றதும் இப்போது யார் பேசுவது பாருங்கள்.