வீக்கம் தெரிவதற்கு முன்பே

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு, இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ என்ற பிறவிக் குறை இருப்பது அவனுடைய காதுகுத்தில்தான் தெரிய வந்தது. ஆசாரி குத்திய இடத்தில் மஞ்சளும் காப்பித்தூளும் வைத்து அடக்கிய இரத்தம், மறுநாள் காலையில் தலையணையை நனைத்திருந்தது. அதற்கு முன்பே, தூக்கும்போது விரல் பட்ட இடங்களில் விலாவில் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்து, குழந்தையை அடித்தது யார் என்று கேட்டவர்கள் உண்டு. பரிசோதனையில், இரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் எட்டு என்ற புரதம் இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. பால்பல் விழுந்த இடத்தில் இரத்தம் நிற்காமல் என் தாய்மாமன் சிறு வயதிலேயே இறந்ததை எங்கள் வீட்டில் தெய்வக் குற்றம் என்றே சொல்லி வந்தார்கள். அது என் பாட்டியிடமிருந்து என் அம்மா, நான் என்று எக்ஸ் குரோமோசோமில் இறங்கி வந்த குறை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. (ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் இது தோன்றுகிறது. எங்கள் வம்சத்தில் கிடையாது என்று மருமகளைக் குத்திக்காட்டும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.)

நான் பகிர விரும்புவது அவனுடைய 9 வயதில் நடந்த ஓர் இரவைப் பற்றி. படுக்கப் போனவன் திரும்பி வந்து, "அம்மா, முட்டிக்குள்ள குறுகுறுங்குது" என்றான். தொட்டுப் பார்த்தேன், வீக்கமும் இல்லை, சூடும் இல்லை. இருந்தும் பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த பணி மருத்துவர், காலில் ஒன்றும் தெரியவில்லை, ஸ்கேன் எடுத்த பிறகு பார்க்கலாம் என்று உட்கார வைத்துவிட்டார். மூன்று மணிக்கு முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கி, காலை நீட்டவும் மடக்கவும் முடியாமல் பிள்ளை துடித்தபோதுதான் ஃபேக்டர் ஊசி போட்டார்கள். மூட்டுக்குள் இரத்தம் கசியத் தொடங்குவதை வெளியே தெரிவதற்கு முன்பே நோயாளி உணர்ந்துவிடுவார் என்பதும், முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன் என்பதும் அந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த முட்டியில் பிறகு திரும்பத் திரும்ப இரத்தம் இறங்கியது. இன்றும் அது முழுதாக நீளாது.

இப்போது அவனுடைய மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை லேமினேட் செய்து பள்ளிப் பையிலேயே வைத்திருக்கிறோம். ஒரு கிலோவுக்கு 1 யூனிட் கொடுத்தால் ஃபேக்டர் எட்டு ஏறக்குறைய 2 விழுக்காடு உயரும். 25 கிலோ இருந்த பிள்ளைக்கு 40 விழுக்காடு வர 500 யூனிட் என்று அந்தக் கணக்கும் அதில் இருந்தது, எடை கூடக்கூட மாற்றி வாங்குகிறோம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது, தசையில் ஊசி கூடாது என்பதும் அதில் உண்டு. அரசு மருத்துவமனையில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் போடவும் கற்றுக்கொண்டேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியின் சில்லிப்பு போகும் வரை காத்திருந்து, நீரை அதன் சுவரில் வழியவிட்டு, குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மெல்ல உருட்டினால் தூள் தெளிவாகக் கரைகிறது. இப்போதெல்லாம் அவன் "குறுகுறு" என்றால் நான் காலைத் தொட்டுப் பார்ப்பதில்லை, குப்பியைத்தான் எடுக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்:

உங்கள் மகனைச் சில மணி நேரம் நம்பவில்லை; என்னைப் பதினாறு ஆண்டுகள் நம்பவில்லை. பெரியவளான நாளிலிருந்தே மாதவிடாய் பத்து நாள் நீடிக்கும். பெண்களுக்கு இது சகஜம் என்று இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். ஒருமுறை ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கியது. சாதாரண உறைதல் பரிசோதனை எனக்குச் சரியாகவே வந்ததால் யாரும் மேலே தேடவில்லை. கடைவாய்ப்பல் பிடுங்கிய இடத்தில் மூன்று நாள் இரத்தம் கசிந்த பிறகு, பல் மருத்துவர்தான் இரத்தவியல் நிபுணரிடம் அனுப்பினார். இரத்தம் உறைய உதவும் வேறொரு புரதம் குறைந்தாலோ சரியாக வேலை செய்யாவிட்டாலோ வரும் ஃபான் வில்லிபிராண்ட் நோய் என்று அப்போதுதான் பெயர் தெரிந்தது. இது ஆண், பெண் இருபாலருக்கும் வரும். 1926-இல் இதை முதன்முதலில் விவரித்த ஃபின்லாந்து மருத்துவரிடம் வந்தவள் ஒரு சிறுமி. அவள் தன் நான்காவது மாதவிடாயில் இரத்தம் போயே இறந்தாள் என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உறைந்த இரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையை அந்த நாட்களில் எடுத்துக்கொள்கிறேன். இப்போது ஐந்தாறு நாளில் நின்றுவிடுகிறது. என் மகளுக்குப் பதினோரு வயது. மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வருகிறது என்று அவளே சொன்னாள். வரும் திங்கட்கிழமை அவளுக்கும் இந்த நோய்க்கான பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.